மூடியைத் திறக்காதே

பன்னிரண்டு எலும்பு.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.
வாரமெல்லாம் நான் எண்ணுவது பல்,
ஞாயிறு ஒரு நாள் விலா.

பின்பக்கம் ஜவ்வு இருக்கும், உரிச்சுடு என்றார்
இறைச்சிக் கடை லானி.
கத்தி வழுக்கியது.
பிடித்திழுத்த காகிதத் துண்டு கிழிந்தது.
இழுப்பறையில் கிடந்தது என் பழைய கொக்கி,
படூகா ஊரின் ஈறுகளுக்குள்
பதினாறு வருடம் போய்வந்தது.
கொதிக்கவைத்து எடுத்து
நாலாம் எலும்பின் ஓரத்தில் நுழைத்தேன்.
ஒரே இழுப்பு.
முழுசாக வந்தது, கண்ணாடித் தாள் மாதிரி.
சமையலறையில் யாருமில்லை.
இருந்தாலும் நிமிர்ந்து பார்த்தேன்.

அடுப்பு ஃபெரிஸ் வாங்கியது.
மூன்று கோடையாகத் தார்ப்பாய்க்குள் தூக்கம்.
இருபத்தெட்டு நாள் ஆற்றில், படகில்.
இருபத்தெட்டு நாள் வீட்டில்,
அதில் பாதி உறக்கம்,
மீதி அடுப்பைப் பற்றிய பேச்சு.
ஹிக்கரியா ஆப்பிள் மரமா,
தண்ணீர்த் தட்டு எங்கே வைப்பது,
எல்லாம் தெரியும் அவனுக்கு.
ஒரு மூட்டை கரி வாங்கத்தான்
கடைசிவரை தெரியவில்லை.

நெருப்பில்லாமல் புகையாது, சரி.
இவ்வளவு புகையுமா?
வெள்ளை வெள்ளையாக, பஞ்சுப் பொதிபோல்
வேலியைத் தாண்டிப் போனது.
பின்னாலேயே பர்விஸ் வந்து நின்றார்,
கையில் தோட்டக் குழாய்,
முகத்தில் ஒருவித ஏமாற்றம்
எரிவது வீடில்லை என்று தெரிந்ததும்.
கீழ்க் கதவைத் திற, மூச்சு முட்டுது அதுக்கு
என்றார்.
திறந்தேன்.
மெல்ல மெல்ல இளைத்தது புகை,
நீலமா சாம்பலா,
இருக்கிறதா இல்லையா என்று
கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்கு.

பத்தரை.
பதினொன்று.
பதினொன்று ஐந்து.
பொறுத்தார் பூமி ஆளட்டும், எனக்குப் பசித்தது.
முள் இருநூற்று இருபத்தைந்தில் நிற்க வேண்டும்.
நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம்
வெட்கப்பட்டதுபோல் விழுந்தது.

இரண்டு மணிக்கு அழைத்தான்,
மெம்ஃபிஸுக்கு மேலே எங்கோ
பதினைந்து பார்ஜுகளைத் தள்ளிக்கொண்டு.
என்ன பண்றே?
சும்மாதான்.
பின்னால என்ன சத்தம்?
கொழுப்பு சொட்டிச் சொட்டிக் கரியில் சீறியது.
மழை, என்றேன்.
வானம் பீங்கான்போல் பளபளத்தது.
திடீரென்று, நான் கேட்காமலே,
அடுத்த முறை வந்ததும் ரிப்ஸ் போடறேன் கோர்லிஸ்,
முக்கியமா ஒண்ணு, மூடியைத் திறக்கவே கூடாது,
ஒரு தடவை திறந்தா கால் மணி நேரம் போச்சு
என்றான்.
அப்போது ஏழு முறை ஆகியிருந்தது.
ம், என்றேன்.
மழை பலமா, என்று கேட்டான்.
அந்தக் கேள்வியில் இருந்த அக்கறை
கொஞ்சம் சுட்டது.

இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கினால்
வளைந்து, மேல்தோல் வெடிக்க வேண்டுமாம்.
ஐந்தரைக்கு வளையவில்லை.
ஆறரைக்கு, அரைமனதாக.
இருட்டத் தொடங்கியபோது
தூக்கிய கையோடு இரண்டாகவே போனது.

நின்றுகொண்டே தின்றேன்.
ஓர எலும்பு கசப்பு, முதல் மணி நேரத்துப் புகை.
அதற்கு அடுத்தது கசக்கவில்லை.
கருத்த மேலோட்டின் கீழே
ஒரு ரோஜா நிற வளையம்,
நான் வரைந்தது.
ஐந்து தின்றேன்.
மூன்றை வேலிக்கு மேலே பர்விஸிடம் நீட்டினேன்,
அவர் குழாயைக் கீழே போட்டு வாங்கிக்கொண்டார்.
நான்கு, உறைபெட்டியில் பட்டாணிக்குப் பின்னால்,
பெயர் எழுதாமல்.
சாம்பலை அள்ளி, தட்டியைத் தேய்த்து,
தார்ப்பாயை இழுத்து
அவன் போட்ட அதே முடிச்சைப் போட்டேன்.

தலைக்கு மூன்று முறை ஷாம்பூ.

திங்கள், எட்டரை மணி, மிஸஸ் டாக்கெட்.
வாய்க்குள் கண்ணாடி, கொக்கி, உறிஞ்சு குழாய்.
கண்கள் என் முகமூடிக்கு மேலே அலைந்தன,
மூக்கு விடைத்தது.
ஹி... ஹி... என்றார்.
வலிக்குதா?
இல்லை என்று தலையாட்டினார். ஹிக்...
குழாயை எடுத்தேன்.
ஹிக்கரி, என்றார். எத்தனை மணி நேரம்?
ஒன்பது.
மூடியைத் திறந்தியா நடுவுல?

இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க, என்றேன்.